3 பில்லியன் டொலர், 48 மாதம்: இலங்கை எடுத்த நாணய நிதியக் கடன் எப்படி?

சர்வதேச நாணய நிதியத்தின் விரிவாக்கப்பட்ட நிதி வசதி, டொலர் தீர்ந்துபோன நாடுகள் கடைசியாகத் தட்டும் கதவு. இலங்கைக்கு அது 2023 மார்ச் 20 அன்று திறந்தது. நிதியத்துடன் நாடு செய்துகொண்ட 17ஆவது ஏற்பாடு இது. ஆகவே கடையும் புதிதல்ல, வாடிக்கையாளரும் புதிதல்ல. ஆனால் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டு உள்ளே போனது இதுவே முதல் தடவை. அதனால்தான் இந்த முறை கிடைத்ததையும் கொடுத்ததையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே நிலையில் நிற்கும் மற்ற நாடுகளுக்கும் இது பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குருதி கொட்டுவதை நிறுத்த இந்தக் கடன் உதவுகிறது. பள்ளிக்கூடம் கட்டவோ, மின்வழங்கலைச் சூரிய ஒளிக்கு மாற்றவோ, வெள்ளத்தைத் தாங்கும் பாலம் போடவோ இதில் பணம் இல்லை. நிபந்தனைகளில் கடன் கொடுத்தவரைக் காக்கும் வரிகளுக்குப் பூட்டுப் போடப்பட்டிருக்கிறது. ஏழை வீட்டைக் காக்கும் வரிக்குப் பூட்டு இல்லை. எங்களுடைய முதன்மையான முறைப்பாடு இதுதான்.

கையில் வருவது எவ்வளவு? மொத்தம் 2,286 மில்லியன் சிறப்பு எடுப்பனவு உரிமை (நிதியம் கணக்குப் பார்க்கும் அலகு), டொலரில் ஏறத்தாழ 3 பில்லியன். நிதியத்தில் இலங்கைக்கு உள்ள பங்கு ஒதுக்கீட்டின் 395 சதவீதம் இது. அதை 9 சம தவணைகளாகப் பிரித்து, தவணைக்கு 254 மில்லியன் உரிமை வீதம் விடுவிக்கிறார்கள். முதல் தவணை 333 மில்லியன் டொலர், 2025 ஜூலையில் வந்த ஐந்தாவது தவணை 350 மில்லியன். இலங்கையின் மாத இறக்குமதிச் செலவு 2023இல் சராசரியாக 1.4 பில்லியன் டொலர். அப்படியானால் ஒரு தவணை ஒரு வார இறக்குமதிக்குத்தான் காணும். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் 2024இல் வீட்டுக்கு அனுப்பிய பணம் மாதத்துக்குச் சராசரியாக 540 மில்லியனுக்கு மேல். நிதியம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தருவதை விட, வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் கட்டடத் தொழிலாளியும் சேர்ந்து ஒரே மாதத்தில் அதிகமாக அனுப்புகிறார்கள். நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்ற பேச்சு வரும்போது இந்த ஒப்பீட்டை மறந்துவிடக் கூடாது.

பிறகு எதற்கு இந்தக் கடன்? நிதியத்தின் கையெழுத்துக்காக. அது விழுந்த பிறகே உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் வரவுசெலவுத் திட்டத்துக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. கடன் கொடுத்த நாடுகள் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதும் அதன் பிறகுதான். எவ்வளவு வெட்டினால் கடன் தாங்கும் என்ற கணக்கையும் நிதியமே போட்டுக் கொடுக்கிறது. வந்து சேரும் தொகையைவிட இந்தக் கணக்கும் கையெழுத்தும்தான் பெறுமதியானவை.

விலை நியாயமானது. வட்டி, ஐந்து பெரிய நாணயங்களின் குறுங்கால வட்டியை வைத்து வாராவாரம் நிர்ணயமாகும் வீதத்தோடு ஒரு மேலதிகத்தைச் சேர்த்து வருகிறது. அந்த அடிப்படை வீதம் 2023, 2024இல் 4 சதவீதத்தை ஒட்டியிருந்தது. மேலதிகம் 1 சதவீதமாக இருந்து, 2024 நவம்பர் முதல் 0.6 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு தவணையிலும் 0.5 சதவீதம் சேவைக் கட்டணம் போகும். நிலுவை பங்கு ஒதுக்கீட்டின் 300 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 2 சதவீத மேல்கட்டணம். அப்படியே 51 மாதத்துக்கு மேல் நீடித்தால் இன்னும் 0.75. அதிகம் நெருக்கடியில் இருக்கும் நாட்டிடமே அதிகம் அறவிடும் இந்த மேல்கட்டணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. 2024 திருத்தத்துக்கு முன் எல்லை 187.5 சதவீதமாக இருந்தது, இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் இலங்கை சந்தையில் விற்றிருந்த சர்வதேச இறைமை முறிகளின் (அரசின் டொலர் கடன் பத்திரங்களின்) வட்டி 5.75 முதல் 7.85 சதவீதம் வரை இருந்ததையும், 2022இல் எந்த விலைக்கும் எவரும் கடன் தரத் தயாராக இல்லாததையும் பார்த்தால் விலையைப் பற்றி முறையிட முடியாது.

திருப்பிக் கட்டுவது ஒவ்வொரு தவணையும் கிடைத்து நாலரை ஆண்டு கழித்துத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒன்றாக 12 சம பங்குகள், பத்தாவது ஆண்டில் முடிவு. 2023 மார்ச்சில் வந்த முதல் தவணைக்கான முதல் கட்டணம் 2027 செப்டெம்பரில் விழுகிறது. நீண்டகால அபிவிருத்திக்கு இந்தக் காலம் போதாது. ஒரு நீர்மின் திட்டமோ ரயில் பாதையோ பத்து ஆண்டில் தன் செலவை மீட்டுத் தராது.

கையெழுத்தாவதற்குப் பிடித்த காலம்தான் அதிகம் வலித்தது. இதில் இரண்டு பக்கத்துக்கும் பங்குண்டு. 2022 ஜனவரி 18 அன்று இலங்கை முதிர்ந்த முறி ஒன்றுக்காக 500 மில்லியன் டொலரை முழுதாகக் கட்டியது. ஏப்ரல் 12 அன்று கடன் கட்டுவதை நிறுத்தியது. மே மாதம் கையில் பாவிக்கக்கூடிய வெளிநாட்டு நாணய ஒதுக்கு 50 மில்லியனுக்கும் கீழே போய்விட்டதாக நிதியமைச்சரே சொன்னார். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் போயிருக்க வேண்டிய டொலர் ஜனவரியில் வெளியே போனது. நிதியத்திடம் முன்பே போயிருந்தால் அந்தப் பணம் நாட்டில் நின்றிருக்கும். இந்த ஏற்பாட்டைத் தேடும் எந்த நாட்டுக்கும் எங்கள் முதல் ஆலோசனை, ஒதுக்கு தீரும் முன்பே கதவைத் தட்டுங்கள் என்பதுதான்.

மற்றத் தாமதம் கடன் கொடுத்தவர்களால் வந்தது. நிதியத்தின் அலுவலர் மட்ட உடன்பாடு 2022 செப்டெம்பர் 1இல் வந்துவிட்டது. ஆனால் கடன் தாங்காது என்று கணித்த நாட்டுக்கு, ஏற்கெனவே கொடுத்தவர்கள் சலுகை தருவோம் என்று எழுதித் தராமல் நிதியம் பணம் தராது. இந்தியா 2023 ஜனவரியில் எழுதிக் கொடுத்தது, சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் ஏற்கத்தக்க கடிதம் மார்ச் முதல் வாரத்தில்தான் வந்தது. ஆறரை மாதம் இப்படிப் போயிற்று. இந்த இடைவெளியில் நாட்டை ஓட்டியது பெரும்பாலும் 2022இல் இந்தியா தந்த ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் உதவி. சாம்பியாவைப் பார்த்தால் இது குறைவு. 2020 நவம்பரில் கட்டத் தவறிய அந்த நாட்டுக்கு நிதியத்தின் ஒப்புதல் வந்தது 2022 ஓகஸ்ட் இறுதியில், முறி உரிமையாளர்களோடு கணக்கு முடிந்தது 2024 ஜூனில். கடன் மறுசீரமைப்புக்கான ஜி20 நாடுகளின் பொதுச் சட்டகம் ஏழை நாடுகளுக்கு மட்டும் என்பதால் நடுத்தர வருமான நாடான இலங்கை அதற்குள் வரவில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை வகித்த தனிக் குழு ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசியது.

இனி நிபந்தனைகள். இவை எல்லாம் ஒரே தரமானவை அல்ல. இதை விளங்கிக்கொள்ளாமல் ஒப்பந்த ஆவணத்தை வாசிப்பதில் பயனில்லை.

மேல்தட்டில் இருப்பது முன்நடவடிக்கை. அதைச் செய்து முடிக்காமல் நிதியத்தின் நிறைவேற்றுச் சபை கூடாது, சபை கூடாமல் பணம் வராது. அடுத்தது அளவுசார் செயலாற்றுகை அளவுகோல். வட்டி நீங்கலான வரவுசெலவு மிகை, தேறிய வெளிநாட்டு ஒதுக்கு போன்றவை இதில் வரும். தவறினால் விலக்குக் கேட்டுச் சபையிடம் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கட்டமைப்பு அளவுகோல்: சட்டம் கொண்டுவருவது, அறிக்கை வெளியிடுவது. தாமதமானால் காரணம் சொல்லித் திகதியை மாற்றிக்கொள்ளலாம். கடைசித் தட்டில் சுட்டு இலக்கு. அதைத் தவறவிட்டால் மீளாய்வு அறிக்கையில் ஒரு வாக்கியம் வரும், பணம் நிற்காது.

மின் கட்டணம் இருந்தது மேல்தட்டில். சமூகப் பாதுகாப்புச் செலவின் குறைந்தபட்ச அளவு இருந்தது கடைசித் தட்டில்.

இதன் பொருள் என்ன என்பதை மின்பட்டியலில் பார்க்கலாம். மாதம் 30 அலகு பாவிக்கும் வீடு என்றால் இரண்டு மூன்று மின்குமிழ், ஒரு மின்விசிறி, கைபேசி ஏற்றுவது, அவ்வளவே. அந்த வீடு 2022 ஓகஸ்ட்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா கட்டியது. ஓகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. ஆறே மாதத்தில் 12 மடங்கு. மொத்தப் பாவனையாளர்களுக்கான சராசரி உயர்வு முதல் தடவை 75 சதவீதம், இரண்டாம் தடவை 66 சதவீதம் என்றுதான் தலைப்புச் செய்திகள் சொன்னன. சராசரிக்குள் மிகச் சிறிய வீட்டின் கதை மறைந்துபோயிற்று. 2023 ஜூலையில் அதே 30 அலகுக்கான கட்டணத்தை 450 ஆகக் குறைத்தார்கள். அப்படிக் குறைக்க முடியுமென்றால் பெப்ரவரியிலேயே கீழ்ப்படிக்கு வேறு விலை வைத்திருக்கலாம். உற்பத்திச் செலவை மீட்பது ஒன்று, அதை எந்தப் பாவனைப் படியிலிருந்து மீட்பது என்பது வேறொன்று. நிபந்தனை கேட்டது முதலாவதை மட்டும்தான்.

இழப்பீடாக வரவேண்டிய, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு அதே 2023 ஜூலை மாதத்துக்குரியதாகத்தான் தொடங்கியது. அதுவரை பழைய சமுர்த்தி உதவி. கட்டணம் பெப்ரவரியில், உதவி ஜூலையில். இடையில் ஐந்து மாதம் ஒரு குடும்பம் எப்படிச் சமாளித்தது என்பதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை. கொடுப்பனவு நான்கு படிகளாக, மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று வகுக்கப்பட்டது. மேல் இரண்டு படிகளும் 2025 ஜனவரியில் 10,000, 17,500 ஆகின. தொகைகள் சமுர்த்தியைவிட மேலானவை, அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பயனாளிகள் தெரிவு, மேன்முறையீடு, வங்கிக் கணக்குத் திறப்பது எல்லாம் இழுபட்டன. 2023 டிசெம்பர் இறுதிக்கான இலக்குகளில் சமூகச் செலவைத் தவிர எல்லாம் நிறைவேறின என்றது இரண்டாவது மீளாய்வு. 2024 டிசெம்பருக்கும் மூன்றாவது மீளாய்வு அதையே சொன்னது. இரண்டு தடவையும் தவணை வந்தது.

அடுத்து 2025இல் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் மின் கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது. செலவை ஈடுசெய்யாது என்று நிதியம் சொன்னது. நான்காவது மீளாய்வுக்கான அலுவலர் மட்ட உடன்பாடு ஏப்ரலில் முடிந்தும், கட்டணம் சரிசெய்யப்படும் வரை சபை கூடவில்லை. ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள், ஜூலை 1 அன்று சபை கூடி 350 மில்லியனை விடுவித்தது. மின்சார சபையின் நட்டம் தவணையை நிறுத்தும், ஏழைக்குப் போகாத பணம் தவணையை நிறுத்தாது. இலங்கையில் வறுமை 2019க்கும் 2023க்கும் இடையில் இரட்டிப்பாகி நான்கில் ஒருவரைத் தொட்டது என்று உலக வங்கி கணித்த காலத்தில் இது நடந்தது. இதை நிர்வாகக் குறைபாடு என்று கடந்துபோக எங்களுக்கு மனமில்லை.

நல்லதையும் எழுத வேண்டும். 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஓர் ஆண்டில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதற்கான கசப்பு மருந்தை மத்திய வங்கி 2022 ஏப்ரலிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டது, வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நிதிய ஏற்பாடு அதைப் பின்வாங்க விடாமல் பிடித்துக்கொண்டது. 2023இன் மத்திய வங்கிச் சட்டம், அரசு கேட்டபோதெல்லாம் பணம் அச்சிட்டுக் கொடுக்கும் வழியை மூடியது. 2023 செப்டெம்பரில் வெளியான ஆளுகைக் குறைபாட்டு ஆய்வறிக்கை ஆசியாவிலேயே நிதியம் செய்த முதலாவது. அரச வருமானம் 2022இல் மொத்த உற்பத்தியின் 8.2 சதவீதமாக இருந்து 2024இல் 13.5 ஆனது. 2019 இறுதியில் கண்மூடித்தனமாக வரியைக் குறைத்த நாட்டுக்கு இது தேவைப்பட்ட திருத்தம்தான். ஆனால் எந்த வரியால் அந்த வருமானம் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இருந்த விலக்கும் போனது. சொத்துள்ளவரிடம் 2025இல் அறவிடத் தொடங்குவதாக இருந்த சொத்து சார்ந்த வரி உரிய காலத்தில் வரவில்லை.

கடன் மறுசீரமைப்பு இந்தச் சேவையோடு சேர்ந்து வரும் பகுதி, ஆனால் நிதியம் அதை நடத்துவதில்லை. 2032க்குள் அரச கடன் மொத்த உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பது போன்ற எல்லைகளை மட்டும் போடும். யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது பேரம். வெளிநாட்டவருக்கு முன் விட்டுக்கொடுத்தது உள்நாட்டுத் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதி, 2023 செப்டெம்பரில். பழைய முறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் அந்த நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. மாற்றிக்கொண்ட புதிய முறிகளுக்கு 2026 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம். வங்கிகளின் ரூபாய்த் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. வெளிநாட்டு அரசுகளோடு 2024 ஜூன் 26 அன்று 5.8 பில்லியன் டொலருக்கு உடன்பாடு வந்தது. தனியார் முறி உரிமையாளர்கள் அசல் தொகையில் 27 சதவீதம் வெட்டுக்குச் சம்மதித்து மாற்றிக்கொண்டது 2024 டிசெம்பரில்தான். கடைசியாக வந்தவர்களுக்கே பேரம் பேச அதிக நேரம் கிடைத்தது.

அவர்கள் வாங்கிய புதிய முறியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளின் மொத்த உற்பத்தியை டொலரில் சராசரி பார்த்து, 2028இல் ஒரே தடவை கொடுப்பனவு திருத்தப்படும். வளர்ச்சி கூடினால் வெட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பிப் போகும். ரூபாயின் பெறுமதி ஏறினாலும் டொலர் கணக்கு பெருகும், வயலிலும் ஆலையிலும் எதுவும் கூடாமலே. 2024இலேயே மொத்த உற்பத்தி 99 பில்லியன் டொலரை ஒட்டிவிட்டது.

அபிவிருத்திக்குப் பணம் என்ற கேள்விக்கு இந்த ஏற்பாடு நேரடியாக ஒன்றும் தரவில்லை. மறைமுகமாகத் தந்தது, நின்றுபோன திட்டங்களின் மீட்சி. கட்டுநாயக்க விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் உட்பட 11 திட்டங்களுக்கு ஜப்பான் பணம் விடுவிக்க மறுபடி முன்வந்தது, 2024 ஜூன் உடன்பாட்டுக்குப் பின்னர்தான். கடவத்தை–மீரிகம அதிவேக வீதி அதற்கும் ஓர் ஆண்டு கழித்து அசைந்தது. பாதியில் நின்ற தூண்களுக்கு ஆண்டுக்கணக்கில் மழை பெய்தால் செலவு ஏறத்தான் செய்யும். மற்றப் பக்கத்தில், 2025 முதல் வட்டி நீங்கலான மிகை மொத்த உற்பத்தியின் 2.3 சதவீதமாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓய்வூதியமும் பாலமும் ஒரே செலவுதான். ஓய்வூதியத்தை நிறுத்த முடியாது, பாலத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். இலக்கு நெருக்கும்போது தள்ளப்படுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நிதியத்திடமே காலநிலைக்கென்று 20 ஆண்டுக் கடன் ஒன்று உண்டு, முதல் பத்தரை ஆண்டு அசலைக் கட்டத் தேவையில்லை. வங்காளதேசம் 2023 ஜனவரியில் இதே வகை ஏற்பாட்டோடு சேர்த்து 1.4 பில்லியன் டொலருக்கு அதை எடுத்தது. இலங்கையின் ஏற்பாட்டில் அது இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தக் குறை வெளியே தெரிந்தது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நடந்துகொண்டிருந்த ஐந்தாவது மீளாய்வு தள்ளிப்போனது. அதற்குப் பதிலாக விரைவு நிதி வசதி என்ற வேறொரு சாளரத்திலிருந்து டிசெம்பர் 19 அன்று 206 மில்லியன் டொலருக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்று வாரத்தில் வந்தது பாராட்டத்தக்க வேகம். ஆனால் சேதத்தின் 5 சதவீதம்தான், அதுவும் கடன், ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டியது. கிரெனடா என்ற சின்னத் தீவு 2015இல் தன் கடனை மறுசீரமைத்தபோது, சூறாவளி வந்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று முறியிலேயே ஒரு வரி எழுதிவைத்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அடித்ததும் அந்த வரியைப் பாவித்தது. கடன் கேட்டுப் போகாமல், கட்ட வைத்திருந்த பணத்தையே கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

இலங்கையின் ஏற்பாடு 2027 மார்ச்சில் முடிகிறது. ஆறு மாதத்தில் முதல் தவணையைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அடுத்த ஆண்டு முறிகளின் திருத்தம். பதினெட்டாவது தடவையாகப் போக நேர்ந்தால், திறைசேரி அதிகாரிகள் சமூகச் செலவின் குறைந்தபட்ச அளவைச் செயலாற்றுகை அளவுகோலாக மாற்றும்படி கேட்க வேண்டும். மின் கட்டணம் ஏறும் மாதத்துக்கு முந்திய மாதமே கொடுப்பனவு கணக்கில் விழுவதை முன்நடவடிக்கையாக வைக்க வேண்டும். கிரெனடாவின் அந்த ஒரு வரியையும் எடுத்துப் போக வேண்டும்.